இதயம் காத்த அறிஞர்

மனித உடலின் உறுப்புகளுள் நெடிய ஓய்வு என்பதையே அறியாதது இதயம். கண் உறங்கும், கை ஓயும், கால் மடங்கிக் கிடக்கும். இதயமோ, தாயின் வயிற்றில் துடிக்கத் தொடங்கிய நாள் முதல் உயிர் பிரியும் நேரம் வரை இரவும் பகலும் உழைத்துக்கொண்டே இருக்கின்றது. மூடிய கையின் அளவே உள்ள அவ்வுறுப்பு, ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கி விரிந்து உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகின்றது. பிற உறுப்புகளுக்கெல்லாம் உணவூட்டும் அதற்கும் உணவு வேண்டும் அன்றோ? அவ்வுணவைக் கொண்டு வருவன, அதன் மேற்புறத்தே கிளைத்துப் படர்ந்து கிடக்கும் சிறு குருதிக் குழாய்கள். அவற்றுள் ஒன்று அடைபடுமாயின், அக்குழாயை நம்பி வாழும் தசையின் உயிரணுக்கள் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே மடியத் தொடங்குகின்றன. இதனையே மாரடைப்பு என்பர்.

உழைக்கும் இதயத்தை ஓய்வினால் மட்டுமே காக்கலாம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அளவறிந்த உழைப்பும் அளவறிந்த உணவுமே இதயத்தின் நல்ல காவலர் என்பதைத் தம் ஆராய்ச்சியாலும் சொல்லாலும், இவற்றினும் மேலாகத் தம் வாழ்க்கையாலும் உலகிற்கு உணர்த்திய பெரியார் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க மருத்துவராகிய பால் டட்லி ஒயிட்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கில் மாசாசூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் பாஸ்டன். அந்நகரின் ஒரு பகுதியாகிய ராக்ஸ்பரியில் 1886ஆம் ஆண்டு சூன் திங்கள் 6ஆம் நாள் ஒயிட் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு குடும்ப மருத்துவர். அந்நாளில் மருத்துவர்கள் நோயாளிகளின் இல்லங்களுக்குக் குதிரை வண்டியில் செல்வது வழக்கம். சிறுவராகிய ஒயிட்டும் தந்தையாருடன் அவ்வண்டியில் ஏறிச் செல்வார். நோயுற்றோர் படும் துன்பத்தையும், ஒரு மருத்துவரின் வருகையால் அவர்தம் இல்லத்தில் பிறக்கும் ஆறுதலையும் இளமையிலேயே அவர் கண்ணாரக் கண்டார். பசுமரத்தாணி போல் அக்காட்சிகள் அவர் உள்ளத்தில் பதிந்தன.

ராக்ஸ்பரி லத்தீன் பள்ளியிற் பயின்ற பின்னர், அவர் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்து 1911ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் பாஸ்டனிலுள்ள மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையிற் பணியேற்றார். ரோஜர் லீ என்பாருடன் கூடி, குருதி உறைவதற்கு ஆகும் நேரத்தை அளக்கும் முறை ஒன்றை 1913ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். லீ-ஒயிட் முறை என்று அது வழங்கலாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 27.

அதே ஆண்டில் அவர் இலண்டன் மாநகர் சென்று, இதய ஆராய்ச்சியில் ஈடு இணையற்று விளங்கிய தாமஸ் லூயிஸ் என்பாரிடம் மாணவராக அமர்ந்தார். இதயம் துடிக்கும்பொழுது அதனிடத்தே மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகின்றது. அதனை அலை அலையான கோடாக வரைந்து காட்டும் கருவியை ஆலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் உருவாக்கியிருந்தார். அக்கோடுகளைப் படித்து நோயை அறியும் கலையில் லூயிஸ் வல்லவர். அவரிடம் அக்கலையைக் கற்றுத் தேர்ந்த ஒயிட், 1914ஆம் ஆண்டில் தாயகம் திரும்பித் தம் மருத்துவமனையில் அதனைத் தொடங்கி வைத்தார். முதல் உலகப் போர் மூண்டபொழுது பிரான்சு நாட்டிற் காயமுற்றோர்க்குப் பணி செய்தார். போர் முடிந்ததும் மீண்டும் தம் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் இதய மருத்துவம் தனித் துறையாக வளர்ந்திருக்கவில்லை. அதனை வளர்ப்பதே தம் கடமை என ஒயிட் கொண்டார். நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் விரிவாகக் குறித்து வைத்தார். ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவர்தம் நலத்தை வினவி எழுதிக்கொண்டார். 1924ஆம் ஆண்டில் அமெரிக்க இதயக் கழகத்தைத் தோற்றுவித்த மருத்துவர் அறுவருள் அவரும் ஒருவர். 1930ஆம் ஆண்டில் வுல்ப், பார்க்கின்சன் என்னும் இருவருடன் சேர்ந்து, இளைஞர்க்கு இதயம் திடீரென மிகு விரைவாகத் துடிக்கும் ஒருவகைக் கோளாற்றை விளக்கினார். இன்றும் அது அம்மூவர் பெயராலேயே வழங்குகின்றது. 1931ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட இதய நோய் பற்றிய பெருநூல், மருத்துவ மாணவர் பலருக்கு வழிகாட்டியாக விளங்கியது.

இதயத்தின் இயல்பை அறியும் வேட்கை ஒயிட்டை மனிதரோடு நிற்கவிடவில்லை. யானைகளின் இதய மின்னலைகளையும் அவர் வரைந்து பார்த்தார். 1952ஆம் ஆண்டில் குளிர் மிகுந்த அலாஸ்காவிற்குச் சென்று, வெண்திமிங்கிலம் ஒன்றின் இதயத் துடிப்பைப் பதிவு செய்த குழுவில் இடம் பெற்றார். சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்குப் பல நூறு முறை துடிக்கின்றது. யானையின் இதயமோ ஏறத்தாழ 30 முறையே துடிக்கின்றது. அவர்கள் ஆராய்ந்த திமிங்கிலத்தின் இதயம் அதனினும் மெதுவாகவே துடித்தது. பெரிய இதயம் நின்று நிதானித்து வேலை செய்கின்றது. மனிதருள்ளும் நாள்தோறும் ஓடிப் பழகியவரின் இதயம், சோம்பிக் கிடப்பவரின் இதயத்தினும் மெதுவாகத் துடிப்பதை மருத்துவர் அறிவர். பயிற்சியால் வலிமை பெற்ற இதயம், ஒரு துடிப்பிலேயே மிகுதியான குருதியை அனுப்பிவிடுகின்றது. ஆதலின் அதற்குப் பதற்றம் இல்லை.

ஒயிட் மருத்துவத் தொழிலில் நுழைந்த காலத்தில் மாரடைப்பு அருகியே காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அமெரிக்காவில் மிகுதியான மக்களைக் கொல்லும் நோய் இதய நோயே என்னும் நிலை ஏற்பட்டது. முதியவர் மட்டுமன்றி, நாற்பதும் ஐம்பதும் வயதுடைய ஆடவரும் குடும்பத்தைத் தவிக்கவிட்டுத் திடீரென மாண்டனர். இதன் காரணம் யாது? நாட்டில் செல்வம் பெருகியிருந்தது. இறைச்சியும் வெண்ணெயும் பாலேடும் வேளைதோறும் உண்ணப்பட்டன. கால்களுக்கு மாற்றாக மோட்டார் வண்டிகள் வந்தன. படிக்கட்டுகளுக்கு மாற்றாக மின்தூக்கிகள் வந்தன. புகைப் பழக்கமும் பரவியது. உண்பது மிகுந்து உழைப்பது குறைந்தபொழுது, குருதியில் மிகுந்த கொழுப்புப் பொருள், வாய்க்காலில் வண்டல் படிவது போல இதயக் குழாய்களின் உட்சுவரில் படியலாயிற்று. வாய்க்கால் தூர்ந்தால் பயிர் வாடுவது போல, குழாய் தூர்ந்தால் இதயத் தசை வாடுகின்றது.

வாடி மடிந்த தசை பின்னர் என்ன ஆகின்றது என்பதை ஒயிட்டும், மாலரி முதலிய அவருடைய துணைவரும் நுணுகி ஆராய்ந்தனர். மாரடைப்பால் இறந்த 72 பேருடைய இதயங்களைச் சோதித்து, 1939ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மடிந்த தசை சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தே வலிய வடு ஒன்று உண்டாகின்றது. கேடு சிறிதாயின் அதற்கு ஏறத்தாழ ஐந்து வாரமும், பெரிதாயின் இரண்டு திங்களும் ஆகும் என அவர்கள் கண்டனர். வடு, கிழிந்த துணியில் இட்ட ஒட்டுப் போன்றது; இதயம் உடையாமல் தாங்குமேயன்றித் தசையைப் போலச் சுருங்கி விரியாது. ஆதலின் எஞ்சிய தசையே முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

மாரடைப்பு உற்றவரைப் பல வாரம் படுக்கையிலேயே கிடத்தி வைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. இவ்வாராய்ச்சி அவ்வழக்கத்திற்கு மேலும் வலுவூட்டியது. நோயாளி தாமே உண்ணவும் எழுந்து அமரவும் கூடப் பல இடங்களில் இசைவு தரப்படவில்லை. அதனால் நேர்ந்த கேடுகளும் உண்டு. அசையாமற் கிடந்த கால்களில் குருதி உறைந்தது, உடல் தளர்ந்தது, உள்ளம் அதனினும் தளர்ந்தது. நோயிலிருந்து பிழைத்தவரும் தாம் இனி எதற்கும் உதவார் என அஞ்சித் தொழிலைத் துறந்து, மூலையில் முடங்கினர். 1952ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவராகிய லெவைன், லவுன் என்னும் இருவர், மாரடைப்பு உற்றவரை விரைவில் நாற்காலியில் அமரச் செய்வதே நன்று என எழுதினர். தாம் கண்ட கணக்கு வழக்கத்திற்கு அரணாய் நின்றது என்பதற்காக, ஒயிட் அவ்வழக்கத்தை இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. இதயம் ஆறுவதற்கு ஓய்வு வேண்டும் என்பது மெய். ஆறிய பின்னரும் ஓய்வே வேண்டும் என்பது பொய் என அவர் தெளிந்தார்.

நோய் வந்த பின் மருந்து தேடுவதினும் வாராமற் காத்தலே அறிவுடைமை என்பது அவர் துணிபு. அதற்குச் சான்றுகள் வேண்டும். பாஸ்டனுக்கு அருகிலுள்ள பிரேமிங்காம் என்னும் ஊரில், 5,209 ஆடவரையும் பெண்டிரையும் ஆண்டுக்கணக்கிற் கண்காணிக்கும் பேராய்வு ஒன்று 1948ஆம் ஆண்டில் தொடங்கியது. அது தொடங்கத் துணை நின்றோருள் ஒயிட்டும் ஒருவர். உணவறிஞர் ஏன்சல் கீஸ் என்பாருடன் அவர் 1950களில் தென் இத்தாலிக்கும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிற்கும் சென்றார். நேப்பிள்ஸ் நகரத்து உழைப்பாளிகள் கோதுமைப் பண்டங்களையும் காய்கறிகளையும் மிகுதியாக உண்டு, இறைச்சியைச் சிறிதே உண்டனர். அவர்களிடம் மாரடைப்பு அரிதாயிருந்தது. கிரீட் தீவின் உழவர் ஒலிவ எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டனர். எனினும் அவர்களையும் இந்நோய் மிகுதியாக அணுகவில்லை. கொழுப்பின் அளவு மட்டுமன்று, அதன் தன்மையும் கருதத்தக்கது என்பது இதனால் விளங்கியது. அம்மக்கள் நாள் முழுதும் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் உழைப்பவர் என்பதும் ஒயிட்டின் கண்ணுக்குத் தப்பவில்லை.

இக்கருத்திற்கு இலண்டனிலிருந்தும் ஆதரவு கிடைத்தது. அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ மேலும் கீழும் பலமுறை ஏறி இறங்குவார். ஓட்டுநரினும் நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு என்று ஜெரிமி மாரிஸ் என்னும் அறிஞர் 1953ஆம் ஆண்டில் அறிவித்தார்.

இந்நிலையில், ஒயிட்டின் அறிவையும் நெஞ்சுரத்தையும் ஒருங்கே சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் டென்வர் நகரில் மாரடைப்புக்கு ஆளானார். முதலில் வயிற்றுக் கோளாறு என்றே செய்தி வந்தது. உண்மை வெளியானதும் நாடு நடுங்கியது. அடுத்துப் பங்குச் சந்தை திறந்த நாளில் பங்குகளின் விலை மளமளவெனச் சரிந்தது. மாரடைப்பு என்றால் மரணம், அன்றேல் நடைப்பிணமான வாழ்வு என்றே மக்கள் எண்ணியிருந்தனர். பாஸ்டனிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட ஒயிட், தலைவரைச் சோதித்த பின் செய்தியாளரைச் சந்தித்தார். நோயை மறைக்கவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. இதயத்தின் எப்பகுதிக்குக் கேடு நேர்ந்தது, அது எங்ஙனம் ஆறும், ஆறிய பின் எங்ஙனம் வாழலாம் என்பவற்றை, ஆசிரியர் வகுப்பில் விளக்குவது போல எளிய சொற்களால் விளக்கினார். நாடு முழுதும் ஒரே நாளில் இதயப் பாடம் கற்றது.

ஐசனோவர் முதலிற் படுக்கையிலும், பின்னர் நாற்காலியிலும் இருத்தப்பட்டார். அதன்பின் அடி அடியாக நடக்கப் பழகி, நவம்பர் 11ஆம் நாள் மருத்துவமனையினின்றும் வெளியே வந்தார். அவர் மீண்டும் தேர்தலில் நிற்கலாமா என்னும் வினா எழுந்தது. தலைவர் மேலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் சுறுசுறுப்பாகப் பணியாற்ற வாய்ப்புண்டு என 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒயிட் அறிவித்தார். அவர் கணிப்புப் பிழைத்திருந்தால் நாடும் மருத்துவ உலகமும் அவரைப் பழித்திருக்கும். ஐசனோவர் அவ்வாண்டிலேயே மீண்டும் வென்று, 1961ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்தார். அவர் மறைந்தது 1969ஆம் ஆண்டிலேயே. மாரடைப்பால் முடங்கிக் கிடந்த எண்ணற்ற குடும்பத்தலைவர்க்கு இஃது ஊன்றுகோலாயிற்று.

இளமையில் ஒருமுறை சேர்த்து வைத்த உடற்பயிற்சி முதுமை வரை உதவுமா? இவ்வினாவையும் ஒயிட் ஆராய்ந்தார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் முன்னாளில் கால்பந்து விளையாடியவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. முன்னாளில் விளையாடிய புகழ் மட்டும் இதயத்தைக் காப்பதில்லை. பிற்காலத்தும் பயிற்சியைக் கைவிடாதவரே பயன் பெற்றனர் என்பது அதனாற் போந்த கருத்து. நேற்று உண்ட சோறு இன்றைப் பசியைத் தீர்க்குமோ? பயிற்சியும் அத்தகையதே.

கிளாரன்சு டிமார் என்னும் ஓட்டக்காரரைப் பற்றிய ஆராய்ச்சியும் குறிப்பிடத்தக்கது. பாஸ்டன் நகரின் நெடுந்தொலை ஓட்டத்தில் ஏழு முறை வென்ற இவர், முதுமையிலும் ஓடுவதை நிறுத்தவில்லை. 1958ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இதயத்தைச் சோதித்த முடிவுகளைக் கரன்ஸ் என்பாரும் ஒயிட்டும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்தம் இதயக் குழாய்களிலும் முதுமைக்கேற்பக் கொழுப்புப் படிந்திருந்தது. எனினும் அக்குழாய்கள் மற்றவர் குழாய்களைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு அகன்றிருந்தன. எனவே, வண்டல் படிந்தும் வாய்க்கால் தூரவில்லை. குருதி தடையின்றி ஓடியது. ஒருவரின் உடலைக் கொண்டே பொதுவிதி வகுத்தல் ஆகாது என்பதை ஒயிட் அறியாதவர் அல்லர். ஆயினும் அரை நூற்றாண்டு ஓட்டம் ஓர் இதயத்திற்குத் தீங்கு செய்யவில்லை என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

ஊருக்கு உரைத்ததைத் தாம் கைக்கொள்ளாத உபதேசியார் அல்லர் ஒயிட். மின்தூக்கி இருப்பினும் படிகளிலேயே ஏறுவார். வண்டி இருப்பினும் நடந்தே செல்வார். முதுமையிலும் மிதிவண்டி ஓட்டினார். நடக்கும்பொழுது காற்றசைகள் இறுகித் தளர்ந்து, கீழிறங்கிய குருதியை மேல்நோக்கித் தள்ளி இதயத்திற்கு உதவுகின்றன என்பதை அவர் அடிக்கடி எடுத்துரைப்பார். நன்றாக நடந்தவனுக்கு நல்ல உறக்கம் வரும். உள்ளக் கலக்கம் தணியும் என்பதும் அவர் கொள்கை.

ஒயிட்டின் காலத்திற்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர், நுண்பெருக்கிக் கண்ணாடியின் துணையால் உயிரணுவின் உள்ளேயே புகுந்து பார்த்தனர். குழாய் அடைபடாதபொழுதும், கொழுப்பு மிகுந்த தீனியை நெடுநாள் தின்ற எலிகளின் இதய உயிரணுக்கள் சில தமக்குத் தாமே முடிவு தேடிக்கொள்வதைக் கண்டனர். அத்தீனியையே தின்றும் நாள்தோறும் ஓடிப் பழகிய எலிகளிடம் அவ்வாறு மடியும் உயிரணுக்கள் குறைவாயிருந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. மனித இதயம் இழந்த உயிரணுக்களை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் மிக மிகச் சிறிது. ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றுவதில்லை. எனவே உள்ளதைக் காத்தலே வழி. எனினும் ஓடுகின்றோம் என்னும் துணிவால் எதனையும் உண்ணலாம் என்று எண்ணுதல் பேதைமை. உணவும் உழைப்பும் வண்டியின் இரு சக்கரங்கள். ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று தனியே வண்டியை இழுக்காது.

ஒயிட்டின் அன்பு தம் நாட்டெல்லையோடு நிற்கவில்லை. நாடுகள் பகைகொண்டு நின்ற காலத்திலும் மருத்துவர்கள் நட்புக் கொள்ளுதல் வேண்டும் என அவர் பாடுபட்டார். 85ஆம் வயதில், 1971ஆம் ஆண்டில், சீன நாட்டிற்கும் சென்று வந்தார். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவருக்கு விடுதலைப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், தம் 87ஆம் வயதில் அப்பெரியார் மறைந்தார். 1986ஆம் ஆண்டில், அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபொழுது, அமெரிக்க அரசு அவருருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

ஆயினும் அவருக்கு அமைந்த நினைவுச் சின்னங்களுள் மிகவும் பொருத்தமானது வேறொன்று. பாஸ்டன் நகரில் சார்லஸ் ஆற்றங்கரை ஓரமாக நீண்டு செல்லும் மிதிவண்டிப் பாதை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது கல்லாற் சமைத்த சிலை அன்று. நின்று பார்த்து வணங்குவதற்கு உரியதும் அன்று. நடப்பாரும் ஓடுவாரும் மிதிவண்டியில் விரைவாருமாக, தத்தம் இதயத்தைத் தாமே காத்துக்கொள்ளும் மக்கள் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றனர். அவ்வழியிற் செல்லும் ஒவ்வொருவரும் அவர் காட்டிய வழியிற் செல்பவரே ஆவர்.